அக்காவின் தும்மலும் ஆறு வயது ஜின்செங்கும்

என் அக்கா எஸ்தர் தினமும் காலையில் முப்பது நாற்பது தடவை தும்முகிறாள் என்பதற்காக நான் ஈப்போவிலிருந்து கடல் தாண்டி மதுரைக்குப் போனேன். எழுபதுகளின் கடைசியில் நடந்த கதை இது. எங்கள் அப்பா வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து மலாயாவுக்கு வந்தவர். நான் பிறந்தது, படித்தது, தோட்ட ஆபீசில் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்து கிராணியானது எல்லாம் ஈப்போவில். அக்காவை மட்டும் மதுரையில் கட்டிக்கொடுத்துப் பதினைந்து வருஷமாகியிருந்தது. அங்கே ஒரு மிஷன் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர்.

அவள் கடிதம் இப்படித் தொடங்கியது: "தம்பி, தும்மல் பழைய தும்மல்தான். புதுசாக வந்திருப்பது வதந்தி." யாரோ ஒரு பிள்ளையின் அம்மா, டீச்சருக்கு டி.பி. என்று வாசலில் நின்று சொல்லியிருக்கிறார். மறுநாள் நாலு அம்மாமார் சொன்னார்கள். பள்ளியின் கரஸ்பாண்டென்ட் ஐயா அக்காவைக் கூப்பிட்டு, மாசக் கடைசிக்குள் தும்மல் நிற்காவிட்டால் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, அவளை விடுதி ஸ்டோருக்கு மாற்றுவதாகச் சொல்லிவிட்டார். ஸ்டோர் என்றால் அரிசி மூட்டை, பருப்பு மூட்டை, மிளகாய் மூட்டை. தும்மலுக்கு அதைவிடத் தோதான இடம் அந்த வளாகத்திலேயே கிடையாது.

"மாத்திரை போட்டால் தும்மல் நிற்கிறது, ஆனால் நான் தூங்கிவிடுகிறேன்" என்றும் எழுதியிருந்தாள். "போன வாரம் கரும்பலகையில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டேன். பிள்ளைகள் ரொம்ப நல்ல பிள்ளைகள், எழுப்பவே இல்லை. அங்கே சீனர்கள் ஏதோ வேர் சாப்பிடுகிறார்களாமே? அலர்ஜிக்கு நல்லதென்று இங்கே ஒரு பத்திரிகையில் போட்டிருந்தது. கிடைத்தால் கொண்டு வா."

கடைத்தெருவில் இருந்த சீன மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரக் கிழவர் மலாயில்தான் பேசினார். "யாருக்கு, எதற்கு?" என்றார். அக்காவின் தும்மலுக்கு என்றேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "உடம்புக்குப் பலம் தரும். பலம் வந்தால் தும்மல் குறையலாம். குறையாமலும் போகலாம். மூன்று மாசம் பொறுமையாகக் குடிக்க வேண்டும்." அவர் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே யாரோ அடுக்கடுக்காகத் தும்மினார்கள். "யார் அது?" என்றேன். "என் மனைவி" என்றார். அவருடைய நேர்மை என்னைத் தடுத்திருக்க வேண்டும். நானோ வாங்கிவிட்டேன். சிவப்புப் பட்டுத்துணி விரித்த பெட்டியில், தலை இல்லாத ஒரு சின்ன மனிதனைப் போல, இரண்டு கையும் இரண்டு காலுமாக மல்லாந்து படுத்திருந்தது ஆறு வயதுக் கொரியா ஜின்செங் வேர். எனக்கு லீவு பன்னிரண்டு நாள்.

மெட்ராஸில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்தார். "என்ன இது?" என்றார். ஜின்செங் என்றேன். அவர் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. "ஜின்னா? மதுவிலக்கு இருக்கிறது தெரியாதா உங்களுக்கு?" என்றார். இது குடிக்கிற ஜின் இல்லை, கிழங்கு என்றேன். "கிழங்கிலிருந்துதானே காய்ச்சுகிறார்கள்?" என்று பக்கத்து அதிகாரியைக் கூப்பிட்டார். அவர் முகர்ந்து பார்த்தார், நகத்தால் கீறினார், இஞ்சி என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டு மணி நேரம் கழித்து, இஞ்சி என்றே எழுதிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

மதுரையில் இறங்கியதும் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு டீக்கடை. ஈப்போப் பழக்கத்தில் பால் இல்லாத காப்பி கேட்டேன். டீ மாஸ்டர் கையை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கடுங்காப்பியாண்ணே? காய்ச்சலா?" உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேன். அவர் நம்பவில்லை. கேட்காமலே சுக்கைத் தட்டிப் போட்டுக் கொடுத்தார். பக்கத்து பெஞ்சில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். அக்காவின் வதந்தி எப்படிப் பிறந்திருக்கும் என்று எனக்கு அந்த பெஞ்சில் விளங்கியது.

கே.கே. நகருக்கு சைக்கிள் ரிக்‌ஷா. வைகைப் பாலத்து ஏற்றத்தில் செயின் கழன்றது. "இறங்கிக்கங்கண்ணே, ஏத்தம் முடிஞ்சதும் ஏறிக்கலாம்" என்றார் ரிக்‌ஷாக்காரர். செயின் மாட்டிய பிறகும் ஏற்றம் ஏற்றமாகத்தான் இருந்தது. அவர் முன்னால் இழுக்க, நான் பின்னால் தள்ள, என் பெட்டி மட்டும் மெத்தையில் சாய்ந்து சவாரி செய்தது. பாலத்துக்குக் கீழே ஆற்றில் தண்ணீரைத் தவிர எல்லாம் இருந்தது. துணி காய்ந்தது, எருமை படுத்திருந்தது, ஒரு கூட்டம் பந்து விளையாடியது. எங்கள் ஊரில் ஆறென்றால் ஓடும்.

அக்கா வாசலிலேயே நின்றாள். "வாடா" என்று தொடங்கியவள் பதினோரு தும்மலுக்குப் பிறகு "தம்பி" என்று முடித்தாள். அத்தான் தங்கராஜ் ஓர் அரசாங்க அலுவலகத்தில் ஹெட் கிளார்க். நல்ல மனிதர். "வாங்க மாப்ள, வாங்க. எம்புட்டு நாளாச்சு!" என்று கட்டிக்கொண்டார். இட்லி, கறிக்குழம்பு, அதற்கு மேல் ஒரு சட்டி அயிரை மீன் குழம்பு. சாப்பிட்டு முடிந்ததும் பெட்டியைத் திறந்தேன்.

"மனுசப்பய மாதிரியே இருக்கு!" என்றார் அத்தான். "இது என்ன செய்யும் மாப்ள?"

"பலம் தரும் அத்தான்."

"பலம்னா... எந்த மாதிரி பலம்?"

அக்கா இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததே அவருக்குப் போதுமான பதிலாகிவிட்டது.

மறுநாள் காலையில் வைத்தியம் தொடங்கியது. ஒரு சட்டியில் தண்ணீர், அதற்குள் மூடி போட்ட சின்னப் பாத்திரம், அதற்குள் நாலு மெல்லிய வில்லை. இரண்டு மணி நேரம் சின்னத் தீ. அக்கா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "மண்ணை ஊற வெச்சுக் குடிச்ச மாதிரி இருக்குடா" என்றாள். அன்று முப்பத்திரண்டு தும்மல். நான்தான் எண்ணினேன்.

மாலைக்குள் அத்தானுடைய அலுவலகம் பாதி வீட்டுக்கு வந்துவிட்டது. மலேசியாவிலிருந்து மச்சினர் வந்திருப்பதால் மரியாதைக்குப் பார்க்க வந்தார்களாம். எல்லாருடைய கண்ணும் மேஜையில் இருந்த பெட்டியைத்தான் விசாரித்தது. ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவருக்கு ஞாபக மறதி, எதற்காக வந்தோம் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. ஒருவருக்கு மூன்று வருஷமாக புரமோஷன் வரவில்லை. தும்மல் ஒருவருக்கும் இல்லை. வில்லை வில்லையாக அத்தான் சீவிக் கொடுத்தார். தடுக்க வந்த அக்காவைத் தும்மல் தடுத்துவிட்டது. அவர்கள் போன பிறகு பார்த்தேன். சின்ன மனிதனுக்கு ஒரு கை குறைந்திருந்தது.

மூன்றாம் நாள் சனிக்கிழமை, பள்ளி இல்லை. வாடிப்பட்டியில் ஒரு நாட்டு வைத்தியர் இருக்கிறார், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள் என்று அத்தான் எங்களை அனுப்பினார். தான் வரவில்லை, கொஞ்சம் அசதியாக இருக்கிறது என்றார். பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அக்கா கையோடு எடுத்துக்கொண்டாள்.

வைத்தியர் பெருமாள் வேரைத் தொடாமலே சொன்னார். "இது நம்ம அமுக்கராக் கிழங்கு. இங்கயிருந்து போனதுதான்."

"சீனாவுக்கு எப்படிங்க போச்சு?" என்றேன்.

"காலைப் பாத்தீகளா? நடந்துதான் போயிருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. அதனால் நானும் சிரிக்கவில்லை. பிறகு இதைத் தன்னிடம் விட்டுவிட்டு, அதே எடைக்கு இரண்டு மடங்கு அமுக்கராச் சூரணம் வாங்கிக்கொள்ளச் சொன்னார். "ரெண்டும் ஒண்ணுதானே வைத்தியரே, அப்ப எதுக்கு மாத்தணும்?" என்று கேட்டாள் அக்கா. வைத்தியர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும்போதுதான் அந்த விபத்து. பஸ்ஸில் எங்கள் சீட்டுக்கு முன்னால் ஒருவர் வற்றல் மிளகாய் மூட்டையை நிறுத்தி வைத்திருந்தார். ஊர் தாண்டியதும் ஒரு எருமை தன் பாட்டுக்கு ரோட்டில் நடந்து வர, டிரைவர் பிரேக்கை மிதித்தார். மூட்டை சாய்ந்து வாய் பிரிந்தது. சன்னல் காற்று மிச்ச வேலையைச் செய்தது. அரை நிமிஷத்தில் பஸ் முழுக்கத் தும்மல். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துத் தும்ம, பஸ் நின்றது, விசில் மட்டும் நிற்கவில்லை. டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துத் தும்மினார். முன் சீட்டில் கல்யாணத்துக்குப் போகிற பட்டுப்புடவைகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து தும்மின.

அக்கா மட்டும் பதறவில்லை. கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். "யாரும் கண்ணைக் கசக்காதீங்க! துணியை நனைச்சு மூக்குல வெச்சுக்கங்க. வாயால மூச்சு விடுங்க. பின் வாசல்ல இருக்கவங்க முதல்ல இறங்குங்க, தள்ளாம!" நாலாம் வகுப்புக் குரல். அறுபது பேர் வரிசையாக இறங்கினார்கள். ரோட்டோரத்தில் ஒரு பம்புசெட்டு ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் முகம் கழுவிவிட்டு வந்து, "நர்ஸம்மாவா நீங்க?" என்று கேட்டார். "டீச்சர்" என்றாள் அக்கா. "அதானே பாத்தேன்" என்றார் அவர், எதைப் பார்த்தார் என்று சொல்லாமல்.

வரப்பில் உட்கார்ந்து அக்கா சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "பதினஞ்சு வருஷமா நான் ஒருத்தியா தும்முறேன்டா. இன்னைக்குத்தான் துணைக்கு ஆள் கிடைச்சது." அவள் அப்படிச் சிரித்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. கடைக்காரர் சொன்ன "குறையலாம், குறையாமலும் போகலாம்" என்பதையும், அவர் மனைவி தும்மியதையும் சொல்லிவிட்டேன்.

"அப்படி ஏதாவது இருக்கும்னு தெரியும்" என்றாள். "அந்தாளு குணமாகும்னு சொல்லியிருந்தா வந்த அன்னைக்கே நீ நூறு தடவை சொல்லியிருப்பே. பலம் தரும்னு ஒரு தடவைதான் சொன்னே." கைக்குட்டையைப் பிழிந்து உதறினாள். "எனக்கு வகுப்பு போயிரக் கூடாதுடா. அம்புட்டுத்தான். தும்மல் இருந்தா இருந்துட்டுப் போகுது."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனோம். பிரசங்கத்தின் நடுவில் அக்காவுக்கு வந்துவிட்டது. எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் அன்பே உருவாக அடுத்த பெஞ்சுக்குப் போனார்கள். பிறனை நேசிப்பது பற்றித்தான் அன்றைய பிரசங்கம்.

திங்கட்கிழமை காலை வேரை எடுத்தால் ஒரு காலை முழுசாகக் காணோம். நானும் அக்காவும் எடுக்கவில்லை. அத்தான் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாகத் தூக்கமே இல்லை, தலை கிறுகிறுக்கிறது என்று அவரே சொல்லிக்கொண்டிருந்ததால், அன்று மாலை அக்காவோடு அவரையும் சேர்த்து அதே தெருவில் இருந்த கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம்.

டாக்டரம்மா ஐம்பது வயசு, அதிகம் பேசாதவர். அக்காவின் நெஞ்சைக் கேட்டார், மூக்கைப் பார்த்தார், பழைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "இது டி.பி. இல்லை. ஒருத்தருக்கும் ஒட்டாது. அலர்ஜி. சாக்பீஸ் தூசி, காலைப் பனி, பழைய பாய், எது வேணாலும் இருக்கலாம். எப்பெப்ப வருதுன்னு நோட்டுல எழுதிட்டு வாங்க. போர்டை ஈரத்துணியால துடைங்க."

நான் பெட்டியை நீட்டினேன். "இது வேலை செய்யுமாங்க டாக்டர்?"

"எனக்குத் தெரியாது" என்றார். இந்தப் பயணத்தில் மதுரையில் நான் கேட்ட முதல் தெரியாது அதுதான். "இருக்கலாம். சீனாக்காரங்க ரொம்ப நாளா சாப்பிடறாங்க. அலர்ஜிக்கு நல்லதுன்னு எழுதறவங்களும் இருக்காங்க. ஆனா குடிச்சவங்களையும் குடிக்காதவங்களையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒழுங்கா பார்த்தாத்தான் சொல்ல முடியும். நாலு நாள்ல யாரும் சொல்ல முடியாது. சிலருக்குத் தூக்கம் கெடும், பி.பி. ஏறும். வீட்டுல வேற யாராவது குடிக்கிறாங்களா?"

அத்தான் சுவரில் இருந்த காலண்டரை ஊன்றிப் பார்த்தார். டாக்டரம்மா ஒன்றும் கேட்காமல் அவர் கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்த்தார். இரண்டாவது தடவையும் பார்த்தார். "எவ்வளவு குடிச்சீங்க?"

"ஒரு கால்" என்றார் அத்தான், தலை குனிந்தபடி.

அவருக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார். அக்காவுக்கு ஒரு சர்டிபிகேட் எழுதிக்கொடுத்தார். அலர்ஜி, தொற்று நோய் இல்லை, வகுப்பு எடுக்கத் தடை இல்லை. நான் கடல் தாண்டிக் கொண்டுவந்த மருந்தைவிட, அந்த நாலு வரிக்காகத்தான் அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் கரஸ்பாண்டென்ட் ஐயாவைப் பார்க்க நானும் கூடப் போனேன். சர்டிபிகேட்டை மட்டும் எடுத்தால் போதும் என்றேன். பெட்டியும் இருக்கட்டும், ஆதாரத்துக்கு ஆகும் என்றாள் அக்கா. ஐயா பெரிய மேஜைக்குப் பின்னால் இருந்தார். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளிக்கொண்டார். சர்டிபிகேட்டை மூன்று தடவை வாசித்தார்.

"ஒட்டாதுன்னு போட்டிருக்கு. சரி. ஆனா டீச்சர், பெற்றோர்கள் சர்டிபிகேட்டையா வாசிக்கிறாங்க? தும்மலைத்தானே கேக்குறாங்க? ஸ்டோர் வேலை உங்களுக்கு ரெஸ்ட் மாதிரி." பிறகு பார்வை பெட்டிக்கு நகர்ந்தது. குரலும் இறங்கியது. "அதுதானா அந்த வேர்? கேள்விப்பட்டேன். எனக்கும் மாடிப்படி ஏறினா முழங்கால் விட்டுப்போகுது. மிச்சம் மீதி இருந்தா... ஸ்டோர் விஷயமும் அவசரப்பட வேண்டியதில்ல, பார்த்துக்கலாம்."

நான் ஒரு கிராணி. மேலதிகாரி மேஜையில் எதை எப்போது வைக்க வேண்டும் என்பது என் கைக்குத் தெரியும். பெட்டியை நகர்த்தினேன். அக்கா என் கைமேல் தன் கையை வைத்து நிறுத்தினாள்.

"தரலாம் ஐயா. ஆனா இது என் நோய்க்குன்னு வந்த மருந்து. ஸ்கூல் முழுக்க அது தெரியும். இப்ப ஐயா ரூமுக்கு இது வந்துச்சுன்னா வாசல்ல இருக்கிற பியூன் பார்ப்பாரு. டீச்சர் நோய் ஐயாவுக்கும் ஒட்டிக்கிச்சுன்னு சாயங்காலத்துக்குள்ள கேட்ல நிக்கிற அம்மாமாருக்குத் தெரிஞ்சிரும்."

ஐயா வாசலைப் பார்த்தார். பியூன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"ஒட்டாதுன்னுதானே சர்டிபிகேட்ல போட்டிருக்கு!" என்றார் ஐயா, கொஞ்சம் பலமாகவே.

"ஆமாங்க ஐயா. ஆனா பெற்றோர்கள் சர்டிபிகேட்டையா வாசிக்கிறாங்க?"

சொல்லி முடித்ததும் அவளுக்குத் தும்மல் வந்துவிட்டது. வேண்டுமென்று வரவழைத்ததல்ல, நான் சாட்சி. ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. ஐயா நாற்காலியை இன்னும் பின்னால் தள்ளப் போனார், சுவர் இடித்தது. பியூன் எட்டிப் பார்த்தார். இடமில்லாமல் போனதாலோ, பியூனாலோ, அல்லது உள்ளுக்குள் அவரும் ஒரு பழைய வாத்தியார் என்பதாலோ, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேனாவை எடுத்தார். எஸ்தர் டீச்சர் நாலாம் வகுப்பிலேயே தொடர்வார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சர்டிபிகேட்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லிப் பியூனிடம் சத்தமாகச் சொன்னார்.

கையெழுத்தின் மை காய்ந்த பிறகு அக்கா பெட்டியைத் திறந்தாள். மிச்சமிருந்த கையை ஒடித்துக் காகிதத்தில் மடித்து மேஜையில் வைத்தாள். "முழங்காலுக்கு, ஐயா. மூணு மாசம் பொறுமையா குடிக்கணும். பி.பி. பார்த்துட்டுக் குடிங்க."

மிச்ச நாட்களில் அத்தான் என்னை நன்றாகச் சுற்றிக் காட்டினார். திருப்பரங்குன்றத்துக்குப் போய் மலையடியில் பருத்திப்பால் குடித்தோம். அந்தக் கடைக்காரர், தும்மலுக்குப் பருத்திப்பாலைப் போல மருந்து கிடையாது என்றார். அக்கா நோட்டில் ஒழுங்காக எழுதிவந்தாள். ஒரு காலை பன்னிரண்டு, ஒரு காலை முப்பது, ஒரு காலை ஏழு. "குறைஞ்சிருக்கா அக்கா?" என்று கேட்டேன். "தெரியலடா. நீ வர்றதுக்கு முன்னாலயும் சில நாள் ஏழுதான் வரும். அப்ப எழுதி வைக்கல." உடலும் ஒரு காலுமாக மிச்சமிருந்த வேரைத் தொடர்ந்து குடிப்பதாகச் சொன்னாள். அலமாரிச் சாவி அவளிடம் இருந்தது.

கிளம்புகிற அன்று காலை விடைபெற்றுக்கொள்ளப் பள்ளிக்கே போனேன். நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா சர்டிபிகேட்டை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார். "அலர்ஜின்னா என்னங்கண்ணே, ஒட்டுமா?" என்றார். ஒட்டாது என்றேன். "அப்ப அந்தக் கிழங்கு இன்னும் மிச்சம் இருக்கா?" என்றார்.

நாலாம் வகுப்புச் சன்னலுக்கு வெளியே நின்றேன். ஏழாம் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது. ஐம்பது குரல் கூரையைத் தூக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அக்காவுக்கு வந்தது. குரல்கள் அப்படியே நின்றன. யாரும் சிரிக்கவில்லை, யாரும் நகர்ந்து உட்காரவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல ஐம்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார்கள். ஒன்பது தும்மல். அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எங்க விட்டோம்?"

"ஏழெட்டு ஐம்பத்தாறு, டீச்சர்!"

"ஏழொன்பது?" என்றாள் அக்கா.